ஆள் மாறிப்போச்சு

கிள்ளான்
13 மார்ச் 2024

வேலாயுதம் அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை நான் சாப்பிட்ட கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். கடையை மூடிய பிறகு படியுங்கள். அக்கா பக்கத்தில் இல்லாதபோது படித்தால் நல்லது.

என் பெயர் குகன். இரண்டு மாதமாகப் புதன்கிழமைகளில் மூன்று மணிவாக்கில் வந்து சுவரோரம் உட்காருகிறேனே, "கடலை ஜாஸ்தி போடுங்கண்ணே" என்று கேட்பேனே, அந்த ஆள்தான். போன் ஆப்பில் ஆள் ஏற்றிக் கார் ஓட்டுகிறேன்.

ஜனவரியில் ஒரு நாள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அம்மாவை இறக்கிவிட்டேன். காரில் ஏர்கோன் கெட்டிருந்தது. தலை சுற்றியது. நிழல் தேடிப் பின்பக்கச் சந்துக்குள் திருப்பினால், சலவைக் கடைக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய், நாலு பிளாஸ்டிக் மேசை, பெயர்ப் பலகைகூட இல்லை. உட்கார்ந்ததும் நான் கேட்காமலேயே நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தீர்கள். பிறகு ஐஸ் காச்சாங் வந்தது. ஐஸைப் பஞ்சு மாதிரி இழைத்திருந்தீர்கள். குலா மெலாக்கா வெல்லப் பாகில் ஒரு துளி உப்பு. எத்தனையோ இடத்தில் சாப்பிட்டிருக்கிறேன், இப்படிச் சாப்பிட்டதில்லை. சும்மா சொல்லவில்லை.

மூன்றாவது தடவை வந்தபோதுதான் உங்கள் வலது கையைப் பார்த்தேன். ஐஸ் இழைக்கும் சக்கரத்தை இடது கையால் சுற்றுகிறீர்கள். வலது கையில் மூன்று விரல் மடங்கியபடியே நிற்கிறது. அந்த இடுக்கில் கிண்ணத்தைச் செருகிப் பிடிக்கிறீர்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தழும்பு.

அன்றைக்கு ஒரு லோரிக்காரர் கேட்டார், "கை என்னாச்சு பாஸ்?" நீங்கள் சக்கரத்தை நிறுத்தாமல் சொன்னீர்கள்: "ரெண்டாயிரத்துப் பத்து, கிள்ளான்ல. தீவாளிக்கு அஞ்சு நாள் முன்ன. பந்து வெளையாடிட்டு வந்தேன், மூணு பேரு மோட்டார்ல வந்து வெட்டிட்டானுங்க. என் பொண்டாட்டியோட அண்ணன் ஆளு வச்சு செஞ்சது லா."

அண்ணே, அந்த மூன்று பேரில் ஒருவன் நான்.

மூன்று வரி எழுதிக் கிழித்தேன். மறுபடி எழுதுகிறேன். பாராங் கத்தி என் கையில்தான் இருந்தது. வயது இருபத்திரண்டு. மூவரும் முகம் மூடிய ஹெல்மெட் போட்டிருந்தோம். முதல் வெட்டை நீங்கள் கையை நீட்டித் தடுத்தீர்கள். கத்தி எலும்பில் இறங்கி நின்றது. இழுத்தேன், வரவில்லை. உங்கள் தோளில் காலை வைத்து உதைத்து இழுத்தேன். இரண்டாவதை முதுகில் போட்டேன். மற்ற இருவரும் உதைத்தார்கள். அவர்கள் இப்போது உயிரோடு இல்லை. ஒருவன் சுடப்பட்டான், ஒருவன் கடலோரச் சாலையில் லோரிக்கு அடியில் போனான்.

இதை எழுதுவது மன்னிப்புக் கேட்க மட்டும் அல்ல. உங்கள் மைத்துனர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. எங்களை அனுப்பியவர் காட்டியது யுகேந்திரன் என்பவனை. வேறு ரவுடிக் குழுவில் இருந்தவன், அதே திடலில் பந்து விளையாடுகிறவன். "மஞ்சள் ஜெர்சி, தனியா மோட்டார்ல வருவான்" என்று மட்டும் சொன்னார். நீங்கள் மஞ்சள் ஜெர்சியில் தனியாக வந்தீர்கள். மறுநாள் யுகேந்திரன் கடைத்தெருவில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அனுப்பியவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்களை வெட்டச் சொன்னவர் உங்கள் வீட்டில் யாரும் இல்லை. இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வீட்டு முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன். ஒளியவில்லை.

குகன்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
20 மார்ச் 2024

குகன்,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் இருக்கும்.

நீ பொய் சொல்கிறாய். என் மைத்துனன் ராதாகிருஷ்ணன் உனக்கு என்ன கொடுத்தான்? பதிமூன்று வருஷம் கழித்துத் தங்கச்சி வேண்டுமென்று தோன்றிவிட்டதா அவனுக்கு? நேரில் வர முகம் இல்லாமல் கூத்தாடி ஒருவனைப் பிடித்து அனுப்பியிருக்கிறானா?

என் மனைவி ரமணியின் வீட்டிலிருந்து எங்கள் கல்யாணத்துக்கு வந்த ஒரே ஆள் அவன். ஆசீர்வாதம் பண்ண வரவில்லை. பதிவு அலுவலக வாசலில் நாற்பது பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்து, "எந்தக் கையால தாலி கட்டுனியோ அந்தக் கைய எடுக்கிறேனா இல்லையா பாரு" என்றான். ஒன்றரை வருஷத்தில் என் கை போனது. நீ வந்து மஞ்சள் ஜெர்சி என்கிறாய்.

லோரிக்காரனிடம் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கதை கட்டியிருக்கிறாய். தழும்பு எல்லோருக்கும் தெரியும். முதுகு வெட்டு ரமணிக்கும் டாக்டருக்கும் தெரியும், அவர்களிடமிருந்து நாலு பேருக்குத் தெரியும். அங்கே இருந்தவனுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று இருக்கிறது. நான் போலீஸிடம் சொல்லவில்லை. ரமணியிடம் சொல்லவில்லை. அதை எழுது.

எழுத முடியாவிட்டால் என் கடைப் பக்கம் வராதே. வந்தால் ஐஸ் கட்டியை உடைக்கும் ஊசி மேசை மேலேயே இருக்கிறது. உன் கண்ணில் இறக்குவேன். இடது கைதான், ஆனால் பதிமூன்று வருஷமாக வேலை செய்யும் கை.

வேலாயுதம்

*

கிள்ளான்
26 மார்ச் 2024

அண்ணே,

மறந்திருந்தால் நன்றாக இருக்கும். மறக்கவில்லை.

உங்கள் மோட்டார் கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. மோட்டார் சாய்ந்தபோது அதில் இருந்த பால் மாவு டின் உருண்டு மூடி திறந்துகொண்டது. மாவு ரோட்டில் கொட்டியது. நீங்கள் எங்களைப் பார்க்கவில்லை. வெட்டுப்பட்ட கையாலேயே அந்த மாவைக் கூட்டி டின்னுக்குள் தள்ளினீர்கள். மாவு சிவப்பாகக் குழைந்துகொண்டு போனது. அப்போதுதான் முதுகில் வெட்டினேன். நீங்கள் குப்புற விழுந்து, திட்டாமல், கெஞ்சாமல், பக்கத்து வீட்டுப் பையனிடம் பேசுவது மாதிரி, "தம்பி, ஆள் மாறிப்போச்சுடா" என்றீர்கள்.

நான் கேட்டேன், அண்ணே. தெளிவாகக் கேட்டது. கேட்ட பிறகும் ஒரு உதை உதைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன்.

எனக்கு இப்போது ஒரு மகள், ஒன்பது வயது. அவள் குழந்தையாக இருந்தபோது பால் மாவு வாங்க என் மனைவி வாணியைத்தான் அனுப்புவேன். நான் ஏன் அந்த டின்னைத் தொட மாட்டேன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

போலீஸுக்குப் போவதாக இருந்தால் சொல்லுங்கள்.

குகன்

*

கிள்ளான்
2 ஏப்ரல் 2024

அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள். என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுக்க நினைவிருக்கிறதா தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன். குறை சொல்வதற்காக அல்ல.

காலை பத்து மணி இருக்கும். கார் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். இரும்புக் குழாயால் முன் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, விளக்கு, எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வோர் அடிக்கும் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் குழாய் என் பக்கம் திரும்பியது. நான் கையைத் தூக்கவில்லை. தூக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் நின்றேன். விலா எலும்பு இரண்டு போயிருக்கிறது. கிளினிக்கில் வழுக்கி விழுந்தேன் என்றேன், டாக்டர் நம்பவில்லை.

என் மகள் வாசலில் நின்றாள். "அப்பாவ அடிக்காதீங்க அங்கிள்" என்று கத்தினாள். நீங்கள் அவளைப் பார்க்கவே இல்லை. என் தலைக்கு மேலே குழாயை ஓங்கி அப்படியே நின்றுவிட்டு, "அப்போ ராதா ஒண்ணும் செய்யலையா?" என்று கேட்டீர்கள். "இல்லண்ணே" என்றேன். "சத்தியமா ஒண்ணும் செய்யலையா?" மறுபடி கேட்டீர்கள். பிறகு குழாயைப் போட்டுவிட்டு, கண்ணாடித் தூள் மேலேயே உட்கார்ந்து அழுதீர்கள். அடிபட்ட நான்கூட அப்படி அழவில்லை.

அன்றைக்கே வாணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்ததும், "போலீசுக்குப் போன் போடணும்னு நெனச்சேன். யாருக்காகப் போடுறதுன்னுதான் தெரியல" என்றாள். மகளைக் கூட்டிக்கொண்டு பெட்டாலிங் ஜெயாவில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை. என்னை அடிக்க வந்தீர்கள், அது நியாயம். ஆனால் ஏன் அவருக்காக அழுதீர்கள்?

குகன்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
15 ஏப்ரல் 2024

குகன்,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்ல வேறு ஆள் இல்லை. என்னை வெட்டியவனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் கிடந்தேன். விழுந்தபோது ஆள் மாறிப்போச்சு என்று சொன்னவன் நான்தான், ஆனால் நாற்பது நாளும் ராதாகிருஷ்ணன் மிரட்டியது மட்டும்தான் நினைப்பு. 2011 பிப்ரவரியில் கையில் கட்டோடு தெலுக் பங்லிமா காராங் ஊருக்குப் போனேன். கூட என் சிநேகிதர்கள் இரண்டு பேர். ராதாகிருஷ்ணன் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ஷிப்ட் முடிந்து சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தான். என்னைப் பார்த்ததும் முதலில் என் கையைத்தான் பார்த்தான். "எப்படி இருக்கு இப்போ?" என்று கேட்டான். அதைக் கேட்டதும் எனக்கு வெறி ஏறியது.

நண்பர்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இடது கையால் இரும்புக் குழாயைப் பிடித்து முட்டியில் அடித்தேன். பழகாத கை. ஒரே அடியில் போகவில்லை. ஐந்து அடி. ஒவ்வோர் அடிக்கும், "சொல்லு, யார அனுப்புன?" என்றேன். ஒவ்வோர் அடிக்கும், "நான் இல்ல வேலு, நான் இல்ல" என்றான். தன் பிள்ளை மேல் சத்தியம் செய்தான். பிள்ளை மேல் பொய்ச் சத்தியம் செய்கிறான் என்று நினைத்துக் காதோடு சேர்த்து அடித்தேன். காதிலிருந்து ரத்தம் வந்தது. அப்போதும் சொன்னான்.

அவன் போலீஸுக்குப் போகவில்லை. குற்றவாளி எப்படிப் போவான் என்று எல்லோரிடமும் சொன்னேன். தங்கச்சி வாழ்க்கைக்காகப் போகாமல் இருந்திருப்பான் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

ரமணியிடம் சொன்னேன்: உன் அண்ணன் வேண்டுமா, நான் வேண்டுமா. கைக்குழந்தையோடு இருந்தாள், என்ன சொல்வாள்? 2017-இல் பந்திங்கில் அவள் அம்மா இறந்தபோது வாசல் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் வரை நின்றாள்.

நீ செய்ததற்கு உன்னை அடித்தாயிற்று. நான் செய்ததற்கு யாரை அடிப்பது?

உன் கடிதம் வராமலே இருந்திருக்கலாம். எனக்கு ஒரு கைதான் போயிருந்தது.

ரமணிக்கு இன்னும் எதுவும் தெரியாது.

வேலாயுதம்

*

கிள்ளான்
19 ஏப்ரல் 2024

அண்ணே,

உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எழுதியதை இரண்டு தடவை அடித்துவிட்டேன்.

அவர் உயிரோடு இருக்கிறார் அல்லவா? அவரிடம் போய்ச் சொல்லுங்கள். உங்களிடம் சொல்வதற்கு முன் இரண்டு மாதம் நான் உங்கள் கையால் சாப்பிட்டேன். ஒவ்வொரு புதனும் அடுத்த புதன் சொல்லலாம் என்று எழுந்து போனேன். அந்த ஒவ்வொரு வாரமும் நீங்கள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தீர்கள். உங்களை வெட்டியது இருபத்திரண்டு வயதில். இந்த இரண்டு மாதம் முப்பத்தாறு வயதில்.

வேண்டுமானால் நானும் வந்து நிற்கிறேன். என் வாயாலேயே அவரிடம் சொல்கிறேன். அவர் அடித்தால் எனக்கும் சேர்த்து அடிக்கட்டும்.

குகன்

*

பிரிக்ஃபீல்ட்ஸ்
6 மே 2024

குகன்,

நீ வர வேண்டாம் என்றுதான் உனக்குச் சொல்லாமல் போனேன். அது உன் வேலை இல்லை, என்னுடையது.

முதலில் ரமணியிடம் சொன்னேன். கடையின் பின்பக்கம் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். அடுப்பிலிருந்த சட்டியைத் துணிகூடப் பிடிக்காமல் தூக்கி என் மேல் வீசினாள். விலகினேன். முழுக்க விலக முடியவில்லை. இடது கால் பாதம் முழுக்க வெந்துவிட்டது. அவள் உள்ளங்கை இரண்டும் பொரிந்துவிட்டன. அதை அவள் கவனிக்கவே இல்லை. "எங்கம்மா பொணத்தக்கூட பாக்க விடல நீ" என்றாள். பதினைந்து வருஷக் கல்யாணத்தில் அன்றுதான் என்னை நீ என்று கூப்பிட்டாள். அழவில்லை. "எப்போ போறோம்?" என்று மட்டும் கேட்டாள்.

மறுவாரம் இரண்டு பேரும் கட்டோடு போனோம். அவள் கையில், நான் காலில்.

ராதாகிருஷ்ணன் இப்போது வீட்டிலிருந்தே மின்சாரக் காற்றாடி ரிப்பேர் செய்கிறான். முட்டி மடங்காத காலோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியாது. கேட்டுக்கு ஊன்றுகோலோடு வந்தான். என்னைப் பார்த்து நின்றான். ரமணியைப் பார்த்ததும் வாய் கோணியது.

நான் சொன்னேன். மெதுவாகத்தான் வந்தது சத்தம். அவன் முகத்தைத் திருப்பி, "இந்தப் பக்கம் வந்து சொல்லு. அந்தக் காது கேக்காது" என்றான்.

இடம் மாறி நின்று மறுபடி சொன்னேன். "சத்தமா சொல்லு" என்றான். அவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்தினேன். "நீ ஒண்ணும் செய்யல. ஆள் மாறி வெட்டிட்டானுங்க. நான் சும்மா கெடந்த உன்னய அடிச்சேன்." எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சீனப் பெண்கூட நின்று பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் உள்ளே போய்விட்டாள்.

அவன் ஊன்றுகோலைத் தூக்கி அடித்தான். முதல் அடி கன்னத்தில். இரண்டாவது அடி தாடையில், ஒரு பல் போனது. மூன்றாவதுக்கு ஓங்கினான். ஊன்ற எதுவும் இல்லாமல் கால் தடுமாறி விழப்போனான். நான் பிடித்தேன். பிடித்திருக்கக் கூடாதோ என்னவோ. என் கை பட்டதும், "தொடாத" என்று கத்தினான். விட்டுவிட்டேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"நீ வந்து சொல்லுவேன்னு பல வருசம் பாத்துக்கிட்டு இருந்தேன். அம்மா செத்தப்போ கண்டிப்பா வருவேன்னு நெனச்சேன். அப்புறம் விட்டுட்டேன்" என்றான். பிறகு, "ரமணி, நீ உள்ள வா" என்றான். அவள் போனாள். அவன் கேட்டைச் சாத்தினான்.

நான் வெளியே நின்றேன். அவள் உள்ளே அழுவது கேட்டது. அவள் அம்மா இறந்த அன்றைக்குச் சாயங்காலம் வரை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ரமணி இன்னும் வரவில்லை. பிள்ளையும் நேற்று அங்கே போய்விட்டான். போன் செய்தாள். "அண்ணன் போலீஸ் ரிப்போர்ட் குடுக்க மாட்டாராம். குடுக்கணும்னா செஞ்சவனே போய்க் குடுக்கட்டும்னு சொல்றாரு" என்றாள். நான் சரி என்றேன். "அதுக்காக நான் திரும்பி வருவேன்னு நெனச்சுக்காத" என்றாள். அதற்கும் சரி என்றேன்.

வியாழக்கிழமை, 9-ஆம் தேதி, காலை பத்து மணிக்கு, அவனை அடித்த இடம் சேரும் பந்திங் போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். நான் செய்ததை மட்டும் சொல்லப் போகிறேன். உன் கடிதங்கள் என் டிராயரில் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் போகவில்லை. உன்னைக் காப்பாற்றுவதற்காக அல்ல. உன்னைப் பிடித்துக் கொடுத்தால் நீ போய்ச் சொன்னதாக ஆகாது.

உன்னை மன்னிக்கவில்லை. அவன் என்னை மன்னிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

வேலாயுதம்

*

கிள்ளான்
9 மே 2024

அண்ணே,

இதைப் போலீஸ் நிலைய பெஞ்சியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஒன்பது ஐம்பது. நீங்கள் இந்நேரம் பந்திங்கில் இருப்பீர்கள். நான் வெட்டியது கிள்ளானில், அதனால் நான் இங்கே.

வாணி பக்கத்தில் இருக்கிறாள். மகளோடு நேற்றுத்தான் வந்தாள். என்னை மன்னித்து வந்திருக்கிறாள் என்று நினைக்காதீர்கள், நானும் நினைக்கவில்லை. "பிள்ளைக்குப் பதில் சொல்றவ நான்தான். நீங்க என்ன சொல்றீங்கன்னு என் காதால கேக்கணும்" என்றாள். இந்தக் கடிதத்தை அவள் தபாலில் சேர்ப்பாள்.

மகள் காலையில் கேட்டாள், "அன்னைக்கு வந்த அங்கிள் திரும்ப அடிக்க வருவாராப்பா?" வரமாட்டார் என்றேன். "அவரு ஏன்பா அழுதாரு?" என்றாள். உண்மையைச் சொன்னேன். அவள் வயதுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு. கேட்டுவிட்டு என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பள்ளிக்கூட வேன் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

முகப்பில் இருந்த மலாய்க்காரப் போலீஸ்காரர் என்ன விஷயம் என்று கேட்டார். ரிப்போர்ட் கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன். யார் மேல் என்றார். என் மேல் என்றேன். சிரித்தார். என் மலாய் சரியில்லை என்று நினைத்து மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னேன். பிறகு வாணியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தார்.

கதவு திறந்திருக்கிறது. என்னைக் கூப்பிடுகிறார்கள்.

குகன்